சீருடையில் சீர் எங்கே?

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் முதுமொழி. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதுவோரில் பலர் ஆளாகிய பாதியை அப்படியே விட்டுவிட்டு ஆடையாகிய பாதியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர். வடக்கு நீலம், தெற்கு சாம்பல்; இரு நிறங்கள், ஒரே குருதி; சட்டையின் சாயம் ஒன்றே சகோதரர்களைப் பிரித்தது; இரு சாராரும் வீரர்களே, இரு சாராரும் தியாகிகளே! வண்ணப் படங்கள் நிறைந்த கனத்த நூல்கள் இதைத்தான் சொல்கின்றன. திரைப்படங்கள் இதைத்தான் காட்டுகின்றன. பித்தளைப் பொத்தான் ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, அதில் பொறித்த கழுகின் இறகுகளை எண்ணிக்கொண்டிருக்கும் சேகரிப்பாளர்களும் இதையே நம்புகின்றனர்.

நாம் இதனை மறுக்கின்றோம். 1861 முதல் 1865 வரை நடந்து, ஏறத்தாழ 7 லட்சம் உயிர்களைக் குடித்த அந்தப் போரில், சீருடை என்பது இரு நிறங்களின் கதையன்று. அந்தத் துணியை நெய்தவர் யார், தைத்தவர் யார், விற்றுப் பொருள் குவித்தவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்னும் கணக்கே அதன் உண்மையான கதை. அந்தக் கணக்கேட்டைப் புரட்டாமல் நிறத்தை மட்டும் வியந்து நிற்பது, கொலைக்களத்தில் நின்று பட்டுத்துணிக்கு விலை கேட்பதை ஒக்கும்.

முதலில் அந்த நீலத்தையும் சாம்பலையும் பார்ப்போம். 1861 ஏப்ரலில் லிங்கன் 75,000 தொண்டர்களை அழைத்தபோது அவர்களுக்கு உடுத்தக் கொடுக்க நடுவண் அரசிடம் துணி இல்லை. ஒவ்வொரு மாநிலமும், ஒவ்வோர் ஊரும் தனக்குக் கிடைத்த துணியில், தனக்குப் பிடித்த நிறத்தில் தைத்து அனுப்பிற்று. விஸ்கான்சினிலிருந்தும் வெர்மான்டிலிருந்தும் வந்த வடக்கத்திப் படைகள் சாம்பல் நிறத்தில் வந்தன. தெற்கத்திப் படைகளிற் சில நீலம் அணிந்து நின்றன. விளைவு என்ன? அவ்வாண்டு ஜூலை 21ஆம் நாள் புல் ரன் ஓடைக்கரையில் நடந்த முதற் பெரும் போரில், நீலச் சட்டையணிந்த வீரர் அணி ஒன்று வடக்கத்தியரின் பீரங்கிகளை நோக்கி நெருங்கி வந்தது. சுடுவதா வேண்டாமா என்று பீரங்கித் தலைவர் தயங்கினார். நம்மவர்கள், சுடாதே என்றார் மேலதிகாரி. வந்தவர்களோ 33ஆவது வர்ஜீனியாப் படையினர்! கைக்கெட்டும் தூரத்திலிருந்து அவர்கள் சுட்டபோது பீரங்கிகளோடு நின்றவர்கள் மாண்டு விழுந்தனர். அன்றைய தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் இந்தச் சட்டைக் குழப்பமும் அவற்றுள் ஒன்று என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. இனிச் சாம்பல் நிறத்தில் எவருக்கும் தைக்க வேண்டாம் என்று வடக்கின் போர்த்துறை மாநில ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டது அவ்வாண்டு செப்டம்பரிலேதான். நிறத்தின் காவியம் பாடுவோர் இந்த ஐந்து மாதக் குழப்பத்தை அடிக்குறிப்பாகக்கூடத் தருவதில்லை.

அடுத்து, அந்தத் துணி. யார்க்ஷயரின் பேட்லி நகரில் 1813 அளவில் ஒரு புதிய தொழில் பிறந்திருந்தது. பழைய கம்பளிக் கந்தல்களை இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கி, அந்தக் குட்டை இழைகளோடு சிறிது புதுக் கம்பளியைக் கலந்து மீண்டும் துணியாக்குவர். அதற்கு ஷாடி என்று பெயர். அது ஏழைகளுக்குப் போர்வையாகப் பயன்பட்ட துணி. அந்த அளவில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1861இல் கம்பளி கிடைக்காமல் வடக்கு தவித்தபோது, ஒப்பந்தக்காரர்கள் கந்தலையே புதுத்துணி என்று அரசின் தலையிற் கட்டினர். நியூயார்க் மாநிலம் 12,000 சீருடைகளுக்குப் புரூக்ஸ் சகோதரர்கள் என்னும் பெயர்பெற்ற துணிக்கடையோடு ஒப்பந்தம் செய்தது. வந்த உடைகள் முதல் மழையிலேயே தையல் விட்டுப் பிரிந்தன. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. கடைக்காரர் ஒரு பகுதியைத் தம் செலவில் மாற்றித் தர நேர்ந்தது. அன்று முதல் ஷாடி என்னும் சொல்லே ஆங்கிலத்தில் தரங்கெட்ட எதனையும் குறிக்கும் பெயரடையாகி நிலைத்துவிட்டது. போர்க்காலத்தில் திடீரெனப் பணம் குவித்துக் குதிரைவண்டியில் பவனி வந்தவர்களை 'ஷாடிப் பிரபுக்கள்' என்றே மக்கள் அழைத்தனர். ஒரு மொழிக்கு ஒரு வசைச்சொல்லைக் கொடையாக அளித்த வணிகர் கூட்டம் உலகில் வேறெங்கேனும் உண்டோ, நாமறியோம்!

நேர்மையாளர் இல்லாமலும் இல்லை. வழங்கல் துறைத் தலைவராயிருந்த மாண்ட்கோமரி மெய்க்ஸ் கையிலே காசு ஒட்டாத மனிதர். அவர் காலத்தில் துணியின் தரம் உயர்ந்தது. 1863 அளவில் வடக்கத்திச் சிப்பாய் உலகிலேயே நன்றாக உடுத்த சிப்பாய்களுள் ஒருவன் என்று சொல்லத்தக்க நிலையும் வந்தது. ஊழல் நாற்றம் மிகுந்த போர்த்துறைச் செயலர் சைமன் கேமரன் 1862 ஜனவரியில் பதவி விலகினார். தண்டனை? ரஷ்ய நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்கள்! பொய்க் கணக்குக் காட்டி அரசை ஏய்ப்போரைத் தண்டிக்கும் சட்டம் 1863 மார்ச்சில்தான் பிறந்தது. அதற்குள் மழையில் கரைந்த சட்டைகளை அணிந்தவர்களுள் எத்துணை பேர் நிமோனியாவிலும் பேதியிலும் போய்ச் சேர்ந்திருந்தனர்! அந்தப் போரில் குண்டுபட்டு இறந்தவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கினர் நோயால் இறந்தனர் என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தைத்தவர்களின் கதைக்கு வருவோம். இந்தச் சட்டைகளைத் தைத்தவர் பெரும்பாலும் பெண்கள். போருக்குப் போனவர்களின் மனைவியர், தாயர், உடன்பிறந்தாள்கள். 1865 பிப்ரவரியில் சின்சினாட்டி நகரத் தையற்பெண்கள் லிங்கனுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒரு டஜன் தைத்துத்தர அரசிடம் ஒப்பந்தக்காரர் பெறும் கூலி ஒரு டாலர் 75 சென்ட். அதே டஜனைத் தைக்கும் எங்களுக்கு அவர் தருவதோ ஒரு டாலர். இடைத்தரகனை நீக்கி வேலையை எங்களுக்கே நேரே கொடுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. ஊசி பிடித்தவளுக்கு ஒரு டாலர். ஊசியைத் தொடாமலே இடையில் நின்றவனுக்கு முக்கால் டாலர். கணவனைக் களத்திலே இழந்த கைம்பெண், அவனைப் போன்ற இன்னொருவனுக்குச் சட்டை தைக்கும்போது இந்த முக்கால் டாலர் அவள் நெஞ்சில் எப்படி உறுத்தியிருக்கும்? நீலத்தின் அழகைப் பாடும் அன்பர்கள் இந்தக் கேள்விக்கு விடை கூறட்டும்.

சிப்பாயின் பிற உடைமைகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இடுப்பிலே 40 தோட்டா கொள்ளும் தோற்பெட்டி, தோளிலே தார் பூசிய ரொட்டிப்பை, கம்பளி போர்த்த தகரக் குடுவை, இரப்பர்ப் போர்வை, இருவர் சேர்ந்தால் ஒன்றாகும் அரைக்கூடாரம், கிழிந்ததைத் தைக்க ஊசிநூல் சுருள். அந்தச் சுருளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இல்லத்தரசி' என்பது! வெயிற்காலத்து நெடுநடையில் முதுகுப்பையையும் கனத்த மேலங்கியையும் வழியோரத்தில் வீசிவிட்டு நடந்தனர். இரண்டே பொருள்களை மட்டும் எவரும் வீசவில்லை: வீட்டிலிருந்து வந்த கடிதங்கள், பிள்ளைகளின் நிழற்படம்.

ஏனெனில் அந்தச் சிப்பாயின் உடலிலே அவன் பெயர் எங்கும் இல்லை. அடையாள வில்லை தர அரசுக்குத் தோன்றவில்லை. அமெரிக்கப் படை அதை ஏற்றது 1906இல்தான். ஆகவே 1864 ஜூனில் கோல்டு ஹார்பர் தாக்குதலுக்கு முன்னிரவு வீரர்கள் காகிதத் துண்டுகளில் பெயரும் ஊரும் எழுதிச் சட்டை முதுகில் குத்திக்கொண்டனர் என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் எழுதிவைத்துள்ளார். கெட்டிஸ்பர்க் களத்தில் 1863 ஜூலையில் ஒரு வடக்கத்தி வீரன் பிணமாகக் கிடந்தான். படைப்பிரிவு தெரியவில்லை, பெயர் தெரியவில்லை. கையிலே மூன்று குழந்தைகளின் கண்ணாடிப் படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தின் வருணனை அக்டோபரில் செய்தித்தாள்களில் வெளிவந்தது. நியூயார்க் மாநிலத்துப் போர்ட்வில் என்னும் சிற்றூரில் ஒரு பெண் அதைப் படித்து, தான் கைம்பெண்ணாகிவிட்டதை அறிந்துகொண்டாள். அவன் பெயர் ஏமஸ் ஹியூமிஸ்டன். கழுகு பொறித்த பொத்தான் அவனை யாரென்று சொல்லவில்லை. குழந்தைகளின் முகங்களே சொல்லின.

தெற்கைப் பற்றி ஒரு மாயை உண்டு. கந்தலுடுத்தி, வெறுங்காலோடு, வால்நட் தோலில் தோய்த்த பழுப்புச் சட்டையோடு தாயகம் காத்த ஏழை வீரன்! அந்தக் கந்தலையே அவன் கொள்கையின் தூய்மைக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். வறுமை நீதிக்குச் சான்றாகுமோ? அவன் ஏன் வெறுங்காலோடு நின்றான் என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா? உலகச் சந்தைக்குப் பருத்தியை அள்ளிக் கொட்டிய நாடு அது. அடிமைகளைக் கொண்டு பருத்தியை விளைத்தவர்கள், ஆலை வைத்து நூற்க வேண்டுமென்று நினைக்கவில்லை. விற்ற பணத்தில் மேலும் அடிமைகளை வாங்கினர். ஆகவே பருத்திக் காட்டின் நடுவே நின்றுகொண்டு அவர்கள் துணியின்றித் தவித்தனர். தொடக்கத்தில் அந்த அரசு சிப்பாய்க்கு உடை கொடுக்கவே இல்லை. நீயே தைத்துக்கொள், ஆண்டுக்கு 50 டாலர் தருகிறோம் என்றது. அந்த ஏற்பாடு 1862 அக்டோபரில்தான் கைவிடப்பட்டது. அதன்பின் ரிச்மண்டிலும் பிற ஊர்களிலும் அரசுத் தையற்கூடங்கள் நடந்தன. முற்றுகையைத் தாண்டி இங்கிலாந்துத் துணியும் அயர்லாந்தில் தைத்த சட்டைகளும் வந்தன. 1864இன் பிற்பாதியில் மட்டும் லீயின் படைக்கு லட்சத்துக்கு மேற்பட்ட மேற்சட்டைகள் வழங்கப்பட்டன. கந்தல் காவியம் பாடுவோர்க்கு இந்த எண் கசக்கும். இன்னொன்றும் கசக்கும். வட கரோலினாவின் ஆளுநர் வான்ஸ், தம் மாநிலத்து ஆடைகளைத் தம் மாநிலத்து வீரர்க்கென்றே பூட்டி வைத்தார். போர் முடிந்தபோது அவர் கிடங்கில் 92,000 சீருடைகள் கிடந்தன என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பக்கத்து மாநிலத்தான் குளிரில் நடுங்கட்டும், என் பூட்டு என் உரிமை! மாநில உரிமைக்காகவே போரிட்டோம் என்று பிற்காலத்தில் சொன்னார்களே, அந்த உரிமையின் வண்ணம் இது.

கெட்டிஸ்பர்க் போரே காலணி தேடிப் போனதால் மூண்டது என்னும் கதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. படைத்தலைவர் ஹெத் போர் முடிந்து பல்லாண்டு கழித்துச் சொன்னது அது. அவ்வூரில் காலணி ஆலை ஏதும் இல்லை. சில நாட்களுக்கு முன்னரே தெற்கத்திப் படை ஒன்று அவ்வழியே சென்று வேண்டியதைக் கேட்டுப் பார்த்துவிட்டது. ஆணையை மீறிப் போரில் சிக்கிய தலைவனுக்கு வெறுங்கால் நல்லதொரு சாக்கு.

இனி, நம் வாசகர்களுக்குச் சற்று நெருக்கமான ஒன்று. இந்தப் போரில் இரு தரப்பிலும் சுவாவ் என்னும் பெயரில் படைகள் இருந்தன. சிவந்த தொளதொளக் காற்சட்டை, பின்னல் வேலை செய்த குட்டைச் சட்டை, குஞ்சம் தொங்கும் துருக்கித் தொப்பி, சில வேளை அதைச் சுற்றித் தலைப்பாகை. நம் பாட்டன்மார் வெள்ளிக்கிழமைகளில் அணிந்த அதே தொப்பிதான் நியூயார்க் தீயணைப்புக்காரன் தலையிலும் இருந்தது! அது எப்படி அங்கே போயிற்று? அல்ஜீரியாவின் கபீலியா மலைகளில் வாழும் சுவாவா என்னும் முஸ்லிம் குலத்தாரின் உடை அது. 1830இல் அந்நாட்டைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அக்குலத்தாரைக் கூலிக்கு அமர்த்தி ஒரு படை திரட்டினர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆட்களைக் கழித்துவிட்டு உடையை மட்டும் வைத்துக்கொண்டனர். அல்ஜீரிய வேடத்தில் பிரெஞ்சுச் சிப்பாய்கள்! 1857இல் கபீலியாவையே நசுக்கச் சென்ற படையில் அந்தச் சுவாவ்களும் இருந்தனர். மலைமக்களுக்குத் தலைமை தாங்கிய வீரப்பெண் லல்லா ஃபாத்திமா நிசூமர் அவ்வாண்டில்தான் சிறைப்பட்டார். ஒரு மக்களின் உடையை அணிந்துகொண்டே அந்த மக்களை அடக்கிய விந்தை வரலாற்றில் வேறு பல இடங்களில் காண்பதற்கு அரிது. கிரீமியப் போரின் புகழால் அந்த உடை அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. எல்மர் எல்ஸ்வொர்த் என்னும் இளைஞர் அதை ஊரூராகக் காட்டிப் பெயர் பெற்றார். அதன் பொருளறியாத விவசாயப் பிள்ளைகளும் எழுத்தர்களும் அதை அழகென்று அணிந்தனர். 1862 ஆகஸ்ட் 30ஆம் நாள், இரண்டாம் புல் ரன் போரில், சிவப்புக் காற்சட்டையணிந்த 5ஆவது நியூயார்க் படையின் ஏறத்தாழ 500 பேரில் 300 பேர் பத்தே நிமிடங்களில் வீழ்ந்தனர். குன்றின் சரிவு மலர்ப்பாத்தி போலத் தோன்றியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்களாம். இதையும் அழகென்றே எழுதுகின்றனர்! ஃபாத்திமா பிரெஞ்சுக் காவலிலேயே 1863இல் காலமானார். அவருடைய குலத்தாரின் பெயர் அந்தக் கண்ணாடிப் பேழைகளில் எத்துணையில் எழுதப்பட்டிருக்கிறது?

இவை யாவும் ஒருபுறம் இருக்கட்டும். நம் வழக்கின் உயிர்நிலை வேறொன்று. அது மூன்று டாலர்.

அடிமைக்கு உடை என்பது ஆண்டுக்கு இவ்வளவு என்று முதலாளி வீசியெறிந்த முரட்டுத் துணி. மேரிலாந்தில் சிறுவனாயிருந்தபோது தனக்கு ஆண்டுக்கு இரண்டு முரட்டுச் சட்டைகளே உண்டு, அவை கிழிந்தால் அடுத்த ஆண்டுவரை அம்மணமே என்று ஃபிரெடரிக் டக்ளஸ் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அந்த முரட்டுத் துணியையும் ரோட் ஐலண்டு போன்ற வடமாநில ஆலைகளே 'நீக்ரோத் துணி' என்று பெயரிட்டு நெய்து தெற்குக்கு விற்றன. அடிமைமுறை தெற்கின் பாவம் மட்டுமே என்பார்க்கு இஃது ஒரு நினைவூட்டல். ஆதலின், நாட்டின் எழுத்துப் பொறித்த பித்தளையையும் கழுகுப் பொத்தானையும் கறுப்பன் ஒருமுறை அணிந்துவிட்டால் அவன் குடிமகன் அல்லன் என்று சொல்லும் ஆற்றல் உலகில் எதற்கும் இராது என்று டக்ளஸ் 1863இல் முழங்கியபோது, அது வெறும் மேடைப்பேச்சன்று. தம் மைந்தருள் இருவரை 54ஆவது மாசசூசெட்ஸ் படையில் சேர்த்துவிட்டே அவர் பேசினார். தென் கரோலினாவில் விடுதலை பெற்றோரைக் கொண்டு திரட்டிய படைக்கு முதலில் சிவப்புக் காற்சட்டை கொடுத்தார்கள். அவர்கள் அதை வெறுத்தனர். வேடிக்கைப் பொருளாகத் தங்களைப் பிரித்துக் காட்டும் சிவப்பு வேண்டாம். எல்லாச் சிப்பாய்க்கும் உரிய நீலமே வேண்டும் என்றனர். அவர்களின் தலைவர் ஹிக்கின்சன் நீலம் பெற்றுத் தந்தார். அந்த மக்களுக்கு நீலம் என்பது நிறமன்று, மானம்.

அந்த மானத்துக்கு அரசு விலை வைத்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் ஊதியம். அதற்கு மேல் உடைக்கென்று மூன்றரை டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு, அவன் சார்ஜண்டே ஆயினும், 10 டாலர்; அதிலிருந்து உடைக்கென்று மூன்று டாலர் பிடித்தம். அவன் கையில் சேர்வது ஏழு. ஒரே நீலச் சட்டை. ஒருவனுக்கு அது கொடை, மற்றவனுக்கு அது கடன்! 1862 ஜூலையின் சட்டம் மண்வெட்டி பிடிக்கும் கூலிகளை எண்ணி இயற்றப்பட்டது, அதனால் வந்த வினை என்று சமாதானம் சொல்வர். 1863 ஜூலை 18ஆம் நாள் வாக்னர் கோட்டையின் மணற்சுவரில் ஏறி மாண்ட 54ஆவது படையினர் கையில் மண்வெட்டியா இருந்தது? வெள்ளையரின் வெறுப்பைத் தணிக்க இது தேவையான விட்டுக்கொடுப்பு, காலப்போக்கில் சரியாகும் என்று லிங்கனே டக்ளஸிடம் சொன்னார். லிங்கனின் இடர்ப்பாடு நமக்குப் புரியாமலில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தவர் யார்? விட்டுக்கொடுத்தது லிங்கனின் பணமன்று. சிப்பாயின் மனைவியும் மக்களும் உண்ண வேண்டிய ரொட்டி.

அந்தச் சட்டை எதிரியிடமிருந்தும் அவர்களைக் காக்கவில்லை. சீருடை அணிந்த எதிரியை நிறம் பார்த்து நடத்தலாகாது என்று 1863 ஏப்ரலில் வடக்கு வகுத்த போர்விதிகள் கூறின. தெற்கின் பேரவையோ பிடிபட்ட கறுப்பு வீரரை மாநிலங்களிடம் ஒப்படைக்கவும் அவர்களின் வெள்ளை அதிகாரிகளைக் கொல்லவும் அடுத்த மாதமே தீர்மானித்தது. 1864 ஏப்ரல் 12ஆம் நாள் பில்லோ கோட்டையில் சரணடைந்தோரைக் கொன்றார்கள். சட்டையின் சாயம் ஒன்றே சகோதரர்களைப் பிரித்தது என்று எழுதும் கைகள் அந்த நாளை எப்படித் தாண்டிச் செல்கின்றன?

54ஆவது படையினர் என்ன செய்தனர்? ஏழு டாலரைத் தொடவில்லை. குறையும் தொகையை நாங்கள் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலமே முன்வந்தபோதும் வேண்டாம் என்றனர். எங்களுக்குக் காசு குறைவென்பது வழக்கன்று, நாங்கள் சிப்பாய்களா அல்லவா என்பதே வழக்கு. ஓராண்டுக்கும் மேலாக ஒரு காசும் பெறாமல் போரிட்டனர். அவர்களுள் ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்பவர், நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில வேட்டைக் கப்பலில் இருந்தவர், 1863 செப்டம்பர் 28ஆம் நாள் லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்பதே அவர் கேட்ட கேள்வி. தென் கரோலினாவின் 3ஆவது கறுப்பர் படையில் சார்ஜண்ட் வில்லியம் வாக்கர், அவ்வாண்டு நவம்பரில் தம் குழுவினரோடு சென்று தலைவரின் கூடாரத்துமுன் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார். பேசியபடி ஊதியம் தராத அரசுக்கு இனி ஊழியமில்லை என்றார். அதற்குப் பெயர் கலகம். படைநீதிமன்றம் கூடிற்று. 1864 பிப்ரவரி இறுதியில் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குச் சிப்பாய் என்று ஊதியம் தரச் சட்டத்தில் இடம் காணாத அரசு, சிப்பாய் என்று சுடுவதற்கு மட்டும் சட்டத்தில் தாராளமாக இடம் கண்டது என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் ஆண்ட்ரூ லிங்கனுக்கே எழுதினார்.

1864 ஜூன் 15ஆம் நாள் சம ஊதியச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு முள். போர் தொடங்கியபோதே சுதந்திரராயிருந்தவருக்குத்தான் சேர்ந்த நாள் முதல் முழு நிலுவை. அடிமையாயிருந்தவருக்கு அவ்வாண்டு ஜனவரி முதலே. தென் கரோலினாப் படைகளின் நிலுவையைத் தீர்க்க 1865 மார்ச்சு வரை ஆயிற்று. அதற்குள் வாக்கர் சுடப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. கடிதம் எழுதிய குடிங், ஒலஸ்டி போரில் காயமுற்றுப் பிடிபட்டு, 1864 ஜூலை 19ஆம் நாள் ஆண்டர்சன்வில் சிறையில் இறந்துபோயிருந்தார்.